கிட்டார் உடலுக்கு எந்த மரம்? மலையகத்தில் கிடைப்பதை வைத்து ஒரு பதில்

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் ஒரு மின் கிட்டார் செய்விக்கப் போகிறார். கழுத்தை வெளியே வாங்கிக்கொள்வார், உடலை மட்டும் இங்கே ஒரு பாஸிடம் (தச்சரிடம்) கொடுத்துச் செய்விக்கிற எண்ணம். கொழும்பில் ஒரு கடையில் “ஆல்டர் மரம் இல்லாவிட்டால் அந்தச் சத்தம் வராது” என்றிருக்கிறார்கள். ஊரிலுள்ள தச்சு பாஸ் “தேக்கை விட்டால் வேறு மரமே இல்லை” என்கிறார். வீட்டிலோ தாத்தா காலத்துப் பலாப் பலகை ஒன்றும், போன வருடம் தோட்டத்தில் வெட்டிய சவுக்கில் (தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியாவில்) அறுத்த பலகை சிலவும் கிடக்கின்றன. எதை எடுப்பது என்பது அவர் கேள்வி.

தம்பி எழுதியிருப்பதை இரண்டு தடவை வாசித்தேன். மரத்தின் பெயரைத்தான் கேட்கிறார், ஆனால் அவர் மனதில் இருப்பது வேறு. நம் ஊர் மரத்தில் செய்தால் காசும் உழைப்பும் போட்ட பிறகு மட்டமான ஒரு சாமான் கையில் வந்துவிடுமோ என்ற பயம்தான் அது. அதற்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வராது. நன்றாகக் காய்ந்த, அளவான எடையுள்ள, வெடிப்பில்லாத நம் ஊர்ப் பலகையில் செய்த உடல், ஆல்டரில் செய்ததற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. காயாத ஆல்டரை விடக் காய்ந்த பலா ஆயிரம் மடங்கு மேல். நான் தளபாட வேலை பழகியவன். ஹட்டன் பக்கத்தில் பட்டறை. கதிரை, அலுமாரி வேலையோடு கிட்டார் திருத்துவதையும் உடல் வெட்டுவதையும் பல வருடமாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வது எது, சோதித்து நிறுவப்பட்டது எது, இன்னும் வாக்குவாதத்தில் இருப்பது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் சத்தம். மின் கிட்டாரில் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும். மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் உண்டாகிறது. அம்ப்ளிஃபயருக்குப் போவது அந்த மின்சாரம் மட்டும்தான். மரம் அதிர்வதை பிக்கப் நேராகக் கேட்பதில்லை. வயலினிலோ அக்கூஸ்டிக் கிட்டாரிலோ மேல் பலகையே காற்றை அசைத்துச் சத்தத்தை உண்டாக்குகிறது, அங்கே மரம்தான் எல்லாம். அந்த வாத்தியங்களைப் பற்றிய பேச்சை அப்படியே கொண்டு வந்து திண்ம உடல் கிட்டாரின் மேல் ஏற்றியதால்தான் பாதிக் குழப்பம் வந்தது.

அப்படியானால் மரத்துக்கு ஒரு பங்கும் இல்லையா? இருக்கிறது, ஆனால் மறைமுகமாக. கம்பியின் இரண்டு முனைகளும் எவ்வளவு அசையாமல் நிற்கின்றனவோ அவ்வளவு நேரம் கம்பி அதிரும். முனை அசைந்தால் கம்பியின் சக்தி அந்த வழியாக வடிந்துவிடும். 1990களில் ஜேர்மனியில் ஃபிளைஷர், ட்ஸ்விக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். கழுத்தின் சில இடங்களில் சில சுரங்கள் மட்டும் சட்டென்று செத்துப்போகின்றன அல்லவா, அதற்குக் காரணம் பெரும்பாலும் கழுத்தின் அசைவு என்றும், பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் தங்கும் பகுதி) பக்கம் அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே அசைகிறது என்றும் காட்டினார்கள். 45 மில்லிமீற்றர் தடித்த பலகை வளைந்து கொடுக்காது, மெல்லிய நீண்ட கழுத்து கொடுக்கும். ஆகவே மரத்தைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் உடலுக்கு முன்னால் கழுத்துக்காகக் கவலைப்படுங்கள். நல்ல கழுத்துக்கு முதலில் காசு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் உடலைப் பாருங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வேன்.

அமெரிக்காவின் ஜிம் லில் என்ற கலைஞர் யூடியூப்பில் ஒரு சோதனை செய்து காட்டினார். உடலும் கழுத்தும் இல்லாமல், அசையாத இரண்டு இடங்களுக்கிடையே கம்பிகளை இழுத்துக் கட்டி, அதே பிக்கப்பை அதே உயரத்தில் வைத்து வாசித்தார். முழுக் கிட்டாரின் சத்தத்துக்கு மிக நெருங்கிய சத்தம் வந்தது. இது ஆய்வுக்கூடப் பரிசோதனை அல்ல. ஆனால் பிக்கப்பின் உயரமும் இடமும், வொலியூம் பொட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின்) பெறுமானமும், கம்பியும் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு மறுபக்கம், கையில் வைத்து வாசிக்கிற கலைஞர்கள் பலர் மரத்துக்கு மரம் வித்தியாசம் உணர்வதாகச் சொல்கிறார்கள். அவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கிட்டாரை நெஞ்சோடு அணைத்து வாசிக்கும்போது உடலின் அதிர்வு விலாவிலும் கையிலும் தெரியும், அம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் காதிலும் தெரியும். அது வாசிக்கிற விதத்தை மாற்றக்கூடும். ஸ்பீக்கர் வழியாக வரும் சத்தத்தில் உடல் மரத்தின் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் சர்ச்சை. முடியாது என்பது என் கட்சி. மற்றக் கட்சியில் என்னை விட நன்றாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆல்டர், ஆஷ், மகோகனி என்ற பெயர்கள் எப்படிப் புனிதமாயின என்று பார்த்தால் பயம் இன்னும் கொஞ்சம் தெளியும். ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் செய்த ஃபென்டர் நிறுவனம் 1949இல் செய்து பார்த்த முதல் மாதிரியின் உடல் பைன் மரம். அப்புறம் ஆஷுக்கு மாறினார்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் முதலில் ஆஷ்தான். 1956 நடுவிலிருந்து பெரும்பாலான நிறங்களுக்கு ஆல்டர் எடுத்தார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆல்டர் தாராளமாகக் கிடைத்தது, விலை குறைவு, எடை குறைவு, நார் துளைகள் சிறியவை என்பதால் பூச்சு அடிப்பதும் இலகு. 2020இல் ஃபென்டர் பெரும்பாலான வழக்கமான மாடல்களில் ஆஷைக் கைவிடுவதாக அறிவித்தது. மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டும், மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் நீடித்த வெள்ளங்களும் அந்த மரத்தின் வரத்தைக் குறைத்துவிட்டன. ஆக, அவர்கள் தங்கள் ஊரில் கையெட்டும் தூரத்தில் கிடைத்த அளவான மரத்தை எடுத்தார்கள், அது கிடைக்காதபோது வேறொன்றுக்கு மாறினார்கள். நாமும் அதையே செய்யலாம்.

இனி, சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் எடை. ஸ்ட்ராட் வடிவ உடல், குழிகள் எல்லாம் வெட்டிய பிறகு, ஏறக்குறைய 4 லீற்றர் மரம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மரத்தையும் நீங்களே மதிப்பிடலாம். பலகையின் நீளம், அகலம், தடிப்பை சென்டிமீற்றரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லீற்றர் வரும். 60 சென்டிமீற்றர் நீளம், 20 அகலம், 5 தடிப்பு என்றால் 6 லீற்றர். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற தராசில் பலகையைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். 3.6 கிலோ காட்டினால் லீற்றருக்கு 600 கிராம். அதை நாலால் பெருக்கினால் 2.4 கிலோ, அதுதான் முடிந்த உடலின் எடை. கழுத்து, டியூனர், பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரைக் கிலோ அளவு வரும். மொத்தம் 3.2 முதல் 3.8 கிலோ அளவில் இருந்தால் திருவிழா மேடையில் இரவு முழுக்க நின்று வாசிக்கலாம். நாலு கிலோவைத் தாண்டினால் தோள் சொல்லிவிடும். ஆகவே லீற்றருக்கு 430 முதல் 580 கிராம் வரை உள்ள காய்ந்த பலகையைத் தேடுங்கள். ஆல்டர் 450 அளவில் இருக்கிறது, அதன் புகழுக்குப் பெரிய காரணம் அதுதான். முதிரை மாதிரி மரம் லீற்றருக்கு 900 கிராமைத் தாண்டும், உடல் மட்டும் மூன்றரைக் கிலோவுக்கு மேல் போய்விடும். எவ்வளவு அழகான மரம் என்றாலும் அதைத் தொட வேண்டாம். மிக இலேசாகப் போனாலும் வேறு தொல்லை. உடல் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே வந்தால் கழுத்துப் பக்கம் கனத்துக் கீழே சாயும், இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்.

எடையை விடவும் நான் பிடிவாதமாக நிற்பது ஈரத்தில். மலையகத்தில் உடைந்து, கோணி, பூச்சு வெடித்து என் மேசைக்கு வருகிற உள்ளூர்க் கிட்டார்களில் மரத்தின் இனத்தால் கெட்டவை மிகக் குறைவு, காயாத பலகையால் கெட்டவையே அதிகம். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு எப்போதும் சமநிலைக்கு வரப் பார்க்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் மரத்துக்குள் ஈரம் 16 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 65 சதவீதமானால் 12. ஏசி போட்ட அறையில் 50 சதவீதம் என்றால் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நம் வீட்டுத் தாழ்வாரத்தில் எத்தனை வருடம் அடுக்கி வைத்தாலும் பலகை 15, 16க்குக் கீழே போவது கஷ்டம். நல்லாகக் காய்ந்துவிட்டது என்று பாஸும் மனசார நம்புவார், கதவு ஜன்னலுக்கு அது போதும்தானே. ஆனால் அதே பலகையில் கிட்டார் செய்து, நீங்கள் கொழும்பில் வேலை கிடைத்துப் போய் ஏசி அறையில் வைத்தால் கணக்கு இப்படி வரும். மகோகனி மாதிரி நிதானமான மரத்திலேயே ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் குறுக்கில் 0.1 முதல் 0.14 சதவீதம் சுருங்கும். 330 மில்லிமீற்றர் அகல உடல் ஆறு சதவீதம் காய்ந்தால் 2 முதல் 3 மில்லிமீற்றர் குறையும். 56 மில்லிமீற்றர் கழுத்துக் குழி அரை மில்லிமீற்றருக்குக் கிட்ட ஒடுங்கும். கழுத்தின் அடி மேப்பிள், ஏற்கெனவே காய்ந்தது, அது ஒடுங்காது. குழியின் மூலையில் கீறல் விழுவதும், அங்கே பூச்சு வெடிப்பதும் இதனால்தான். மகோகனியை விட அதிகமாகச் சுருங்கும் மரங்கள் வேறு இருக்கின்றன.

ஆகவே இலக்கு 10 முதல் 12 சதவீதம். அதற்கு ஒரு நல்ல வழி சூளையில் காய்ந்த பலகை வாங்குவது. அரச மரக் கூட்டுத்தாபனத்திடமும், மொறட்டுவைப் பக்கத்துத் தளபாடக்காரர்களிடமும் அந்த வசதி இருக்கிறது. வீட்டிலுள்ள பலகையைக் காய வைப்பதென்றால் பொறுமை வேண்டும். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. 50 மில்லிமீற்றர் பலகைக்கு இரண்டு வருடம், நம் ஈரத்தில் அதற்கும் மேல். முனைகளில் மெழுகோ கட்டியான பெயின்ற்றோ பூசிவிட வேண்டும், முனை வழியாக ஈரம் வேகமாக ஓடுவதால்தான் அங்கே வெடிக்கிறது. இடையிடையே ஒரே தடிப்பான குச்சிகள் வைத்து, நிலத்திலிருந்து தூக்கி, மேலே தகரம் போட்டுக் காற்றோட்டமாக அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். அடுப்புக்கு மேல் பரணில் போடுகிற வழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, வெளிப்பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு அறுக்கும்போது வில்லாக விரியும். மலையின் எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும், ஜனவரி முதல் மார்ச் வரைதான் நமக்கு வரண்ட காலம். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் கதை மாறி நடக்கும். அங்கே ஜூலை, ஆகஸ்ட்டில் வரண்ட காற்று அடிக்கும், ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற அதே காலம். ஊவாவில் உறவினர் யாராவது இருந்தால் பலகையை அந்த இரண்டு மாதத்துக்கு அங்கே கொண்டு போய் அடுக்குவது வீண் வேலையல்ல. கடைசிக் கட்டமாக, உடலுக்கு ஏற்ற அளவில் பருமனாக வெட்டிய பலகையை, வீட்டில் ஆகக் காய்ந்த அறையில் சில வாரம் வைத்து வாராவாரம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஈரமானி இருந்தால் நல்லது, ஊசி குத்துகிற வகையே போதும். ஆனால் வெளி முகத்தில் குத்தி வரும் எண்ணை நம்ப வேண்டாம். முனையிலிருந்து ஓரடி தள்ளி வெட்டி, புதிதாகத் தெரிகிற முகத்தின் நடுவில் குத்துங்கள். ஈரமானி இல்லாதவர்களுக்குச் சமையல் ஓவன் போதும். நடுப்பகுதியிலிருந்து விரலளவு துண்டு ஒன்றை வெட்டி நிறுங்கள், 103 பாகை செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை காய வைத்து மறுபடி நிறுங்கள். இழந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம் கிடைக்கும். இதில் ஏமாற்றமே இல்லை, ஆய்வுக்கூடத்திலும் இப்படித்தான் அளக்கிறார்கள்.

இப்போது மரங்களுக்கு வருவோம். நம் பக்கத்தில் நான் முதலில் கை வைப்பது டூனா. தமிழ்நாட்டில் சந்தன வேம்பு என்பார்கள். மகோகனி, வேம்பு எல்லாம் சேர்ந்த குடும்பம். செம்மை கலந்த நிறம், அறுக்கும்போது நல்ல வாசம், லீற்றருக்கு 450 கிராம் அளவு. எடையில் ஆல்டரோடு சமமாக நிற்கிற உள்ளூர் மரம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். மென்மையான மரம், நகம் பட்டாலும் தடம் விழும், நார்த் துளைகளும் பெரியவை. துளைகளை நிரப்பிவிட்டுத்தான் பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு அடுத்து கினிசப்பு, நாம் பூவுக்காகச் செண்பகம் என்று சொல்லும் மரமேதான். கண்டிப் பக்கத்துத் தளபாடக்காரர்கள் விரும்பி எடுப்பது. பச்சை கலந்த மஞ்சள் நிறம் போகப் போகப் பழுப்பாகும். லீற்றருக்கு 500ஐ ஒட்டிய எடை, சீவுளிக்கு வெண்ணெயாக வரும், காய்ந்த பிறகு சொன்னபடி நிற்கும். டூனாவுக்கும் இதற்கும் நடுவில் எது நல்ல பலகையாக அன்றைக்கு மரக்காலையில் இருக்கிறதோ அதை எடுப்பேன், இனத்துக்காகச் சண்டை போட மாட்டேன்.

மகோகனி கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் போல் மாடலைக் கொண்டுவந்தபோது மகோகனி உடலின் மேல் மேப்பிள் பலகை ஒட்டினார்கள். தென்னமெரிக்கக் காட்டு மகோகனி அழியும் நிலைக்கு வந்ததால் 2003இலிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது கட்டுப்படுத்தப்படுகிறது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் பல பிஜித் தீவில் வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட தோட்டத்து மகோகனியை வாங்குகின்றன. நம் நாட்டுத் தாழ்நிலத்துத் தோப்புகளில் வளர்வதும் அதே இனம்தான். தோட்டத்து மரம் என்று யாராவது குறைத்துச் சொன்னால் பிஜியை நினைத்துக்கொள்ளுங்கள். இளம் மரத்தின் வெளிறிய பகுதியைத் தவிர்த்து வைரமான பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி வைத்திருக்கிற பலாவைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும், எனக்குப் பிரியமான மரம் அது. தஞ்சாவூர் வீணையைப் பலாவில்தான் குடைகிறார்கள், மிருதங்கத்தின் கட்டையும் தவிலின் கட்டையும் பலா. வாத்திய மரம் என்று நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்றுக்கொண்ட மரத்தைக் கிட்டாருக்கு ஆகாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வீணையும் மிருதங்கமும் குடைந்த வாத்தியங்கள். அங்கே நல்லது என்பதால் இங்கே திண்மப் பலகையில் சத்தம் தனியாக ஊறும் என்று நான் வாதாட மாட்டேன். பலாவின் பெருமை வேறு இடத்தில். காய்ந்த பிறகு அசையாது, வைரத்தில் கறையான் இலேசில் ஏறாது, திருகாணியை இறுகப் பிடிக்கும், மஞ்சள் நிறம் வெயில் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகும். குறை எடைதான். லீற்றருக்கு 600 கிராமைத் தாண்டுகிற பலகைகள் நிறைய. உடல் இரண்டரைக் கிலோவை எட்டும். அதனால் முதலில் நிறுத்துப் பாருங்கள். 580க்குள் இருந்தால் அப்படியே வெட்டலாம். அதற்கு மேலே என்றால் தடிப்பை 45இலிருந்து 40 மில்லிமீற்றராகக் குறைக்கலாம். ட்ரெமலோ (சுரத்தை ஆட்டுவதற்காக அசையும் பிரிட்ஜ்) பொருத்துகிறதாக இருந்தால் அதன் கட்டையின் நீளத்தைப் பார்த்துவிட்டுத்தான் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அல்லது உள்ளே அறைகள் குடைந்து மேலே கால் அங்குலப் பலகை ஒட்டலாம். வெள்ளை மாதிரி வெளிர் நிறம் அடிக்க ஆசை என்றால் ஷெல்லாக்கால் நன்றாக மூடிவிட்டு அடியுங்கள். பிக்குமாரின் காவித் துணிக்கு இந்த வைரத்தைத்தான் அவித்துச் சாயம் எடுத்தார்கள், மஞ்சள் அவ்வளவு வலுவானது. தாத்தா காலத்துப் பலகை கதவாகவோ கட்டிலாகவோ இருந்ததென்றால் காந்தத்தை மெதுவாக மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்த ஆணி ஒன்று இருந்தால் ரவுட்டரின் (குழி வெட்டும் மெஷினின்) அலகு தெறிக்கும், ஆளையும் காயப்படுத்தும்.

சவுக்கு எடையில் சரியாகவே வரும், 570ஐ ஒட்டி. நடுவிலிருந்து ஆரம் வழியே அறுத்தால் முகத்தில் வலை பின்னிய மாதிரிப் பளபளக்கிற பூவேலை தெரியும். அவுஸ்திரேலியாவில் அது சில்க்கி ஓக் என்று விலைபோகிறது. பூச்சே இல்லாமல் எண்ணெய் மட்டும் தேய்த்து விடலாம், அவ்வளவு அழகு. ஆனால் தோட்டத்து மரத்தை வருடாவருடம் கிளை கழிப்பதால் கணு அதிகம், காயும்போது முறுகும் குணமும் உண்டு. போன வருடம் வெட்டிய பலகை என்றால் இன்னும் நேரம் வரவில்லை. தொடவே வேண்டாம், குச்சி வைத்து அடுக்கி விடுங்கள். இன்னொன்று, இதன் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தேய்க்கக் கூடாது. பாஸிடமும் சொல்லி வையுங்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். தேக்கு கெட்ட மரமில்லை, உறுதியானது, அசையாது. ஆனால் லீற்றருக்கு 650 கிராம், விலையோ உச்சி, உள்ளிருக்கும் எண்ணெய் பசையையும் பூச்சையும் பிடிக்க விடாது, ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும், மணல்சத்து உளியை மழுக்கும். கடலில் போகிற படகுக்கு அது தேவை, வரவேற்பறையில் வாழ்கிற கிட்டாருக்குத் தேவையில்லை. யூகலிப்டஸ் காயும்போது முறுகிச் சுருங்கும், எடையும் கூட, வேண்டாம். மலைச்சரிவுகளில் வனத் திணைக்களம் நட்ட பைன் இலேசாகக் கிடைத்தால் நல்லதே, ஆனால் பிசின் பைகள் பூச்சைத் துளைத்து வெளியே கசியும், பிசின் இல்லாத பலகையாகத் தேட வேண்டும். மலைவேம்பு, சிங்களத்தில் லுனுமிதெல்ல, இலேசான நல்ல மரம், பிரிட்ஜ் ஆணி இறங்கும் இடத்தில் மட்டும் பலாத் துண்டு ஒன்றைப் புதைத்து ஒட்டிவிட்டால் போதும். அல்பீசியா அதைவிட இலேசு, அதைவிட மென்மை, உளுத்துப் போகும் ஆபத்தும் உண்டு. பழகிப் பார்க்கிற முதல் உடலுக்கு வேண்டுமானால் எடுக்கலாம்.

மரத்தின் பெயர் எதுவானாலும் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. ஒரே பலகையில் உடல் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இரண்டு துண்டை நடுவில் ஒட்டிய உடல் கோணுவது குறைவு, வளையங்கள் ஒன்று மேல் நோக்கியும் ஒன்று கீழ் நோக்கியும் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பொருத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது, வெள்ளைப் பசை போதும், ஆனால் இறுகக் கட்டி ஒரு நாள் விட வேண்டும். பலகையைத் தட்டிக் கேட்டு நல்ல மரம் கண்டுபிடிப்பதாகச் சிலர் சொல்வார்கள். திண்ம உடலின் சத்தத்தை அது முன்கூட்டிச் சொல்லாது, ஆனால் உள்ளே மறைந்த வெடிப்பு இருந்தால் கரகரத்துக் காட்டிக்கொடுக்கும், அதற்காகத் தட்டலாம். கழுத்துக் குழிதான் மொத்த உடலிலும் மிக முக்கியமான இடம். திருகாணி போடுவதற்கு முன்பே கழுத்தை உள்ளே வைத்துத் தூக்கினால் உடல் கூடவே எழும்பி வர வேண்டும், அவ்வளவு இறுக்கமாக வெட்டச் சொல்லுங்கள். பூச்சு அடிப்பதை மழை நாளில் வைக்காதீர்கள். ஈரக் காற்றில் லக்கர் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி வெள்ளையாகப் படரும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் அடிப்பது நல்லது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. உங்களிடம் இருப்பது பழைய பலகை என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. புதிதாகப் பலா வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள். பலகையை லொறியில் வேறு மாவட்டத்துக்குக் கொண்டு போவதற்கும் சில இனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருக்கும், பிரதேச செயலகத்தில் ஒரு முறை விசாரித்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

தம்பி, உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். சவுக்கை அடுக்கி இரண்டாவது கிட்டாருக்கு வைத்துவிடுவேன். தாத்தாவின் பலாவை இன்றைக்கே அளந்து நிறுப்பேன். எடை சரியாக வந்தால் முனையில் ஓரடி வெட்டி ஈரம் பார்ப்பேன். 12க்குள் இருந்தால் வேறு எதையும் தேட மாட்டேன், எடை மிகுந்தால் ஹட்டனிலோ கண்டியிலோ மரக்காலையில் டூனாவோ கினிசப்போ கேட்பேன். ஆல்டர் இறக்குமதிக்குப் போகிற காசை நல்ல கழுத்துக்கும் நல்ல பிக்கப்புக்கும் கொடுப்பேன். பலகையைக் கண்ணால் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது நியாயமில்லை. நீளம், அகலம், தடிப்பு, எடை நான்கையும், வெட்டுமுகத்தின் படம் ஒன்றையும் இங்கேயே போடுங்கள். வளையங்கள் எப்படி ஓடுகின்றன, எந்தப் பக்கத்தைக் கழிக்க வேண்டும், நடுப் பொருத்து எங்கே வர வேண்டும் என்று படத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டுகிறேன்.